எளிய கணினியும் சாளர மேலாளரும்

நூல்நிலையத்திற்குச் சென்று ஒரு நூலைக் கேட்டு வாங்குபவர், அது கைக்கு வந்தவுடன் அதனைப் படிப்பதிலேயே ஆழ்ந்துவிடுகிறார். பல்லாயிரம் நூல்களுக்கிடையே அதனை இன்ன பேழையில், இன்ன வரிசையில் வைத்துக் காத்தவரை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒழுங்கு கெடாதிருக்கும்வரை ஒழுங்கு செய்பவர் கண்ணிற்படுவதில்லை. அது கெட்ட பின்னரே அவரைத் தேடுகின்றனர். கணினியின் திரையிலும் இத்தகைய பணியாளன் ஒருவன் உண்டு. அவன் மனிதன் அல்லன், ஒரு மென்பொருள். அதனைச் சாளர மேலாளர் என்பர்.

எழுதுதல், படம் வரைதல், கணக்கிடுதல், செய்தி படித்தல் எனக் கணினியில் ஒருவர் ஒரே நேரத்திற் பல வேலைகளைச் செய்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு கட்டம் திறக்கிறது. அக்கட்டமே சாளரம் எனப்படும். வீட்டின் சாளரம் வழியே வெளியுலகம் தெரிவது போல, இச்சாளரத்தின் வழியே கணினிக்குள் நிகழும் ஒரு வேலை தெரிகிறது. ஆதலின் இப்பெயர் பொருத்தமானதே.

சாளரங்கள் தோன்றிய வரலாறு

கணினி தோன்றிய காலத்தில் அதற்குச் சாளரம் என்பது இல்லை. துளையிட்ட அட்டைகள் வழியே அதற்கு ஆணை கொடுத்தனர். பின்னர்த் தட்டெழுத்து வழியே கொடுத்தனர். அமெரிக்க நாட்டின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வகத்தில் 1973-ஆம் ஆண்டில் ஆல்ட்டோ என்னும் கணினி உருவாயிற்று. அதன் திரையில் எழுத்தோடு படமும் தோன்றியது. ஆலன் கே என்னும் அறிஞரின் குழுவினர் அக்கணினிக்கென ஸ்மால்டாக் என்னும் மொழிச் சூழலை ஆக்கினர். மேசையின்மேல் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது போன்று, சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் முறை அதில் வளர்ந்தது.

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் என்னும் சாளர முறைமை பிறந்தது. அதன் பதினொன்றாம் பதிப்பு 1987-ஆம் ஆண்டில் வெளிவந்து, பல்லாண்டுக் காலம் உலகெங்கும் வழங்கிற்று. அதனை அமைத்தோர் ஒரு நுட்பமான முடிவு செய்தனர். திரையில் கோடு இழுத்தல், எழுத்துப் பொறித்தல், சுட்டியின் அசைவை அறிதல் ஆகியவற்றை எக்ஸ் முறைமையே செய்யும். ஆனால் சாளரத்தை எங்கே வைப்பது, அதற்கு எத்தகைய சட்டம் இடுவது, எதனை மேலே கொணர்வது என்பவற்றை அது தானே முடிவு செய்யாது. அப்பொறுப்பைத் தனியான வேறொரு மென்பொருளிடம் அது விட்டுவிடும். அம்மென்பொருளே சாளர மேலாளர்.

இங்ஙனம் பிரித்தமையால் பெரியதொரு நன்மை விளைந்தது. எக்ஸ் முறைமையை மாற்றாமலே, விரும்பியவர் விரும்பிய சாளர மேலாளரை வைத்துக்கொள்ள இயன்றது. அழகு மிக்கது, விரைவு மிக்கது, மிகச் சிறியது எனப் பல மேலாளர்கள் தோன்றின. நன்மையோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. பல இருக்குமிடத்து, எதனைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழுமன்றோ?

சாளர மேலாளரின் பணி

சாளர மேலாளர் செய்யும் பணிகள் பார்வைக்குச் சிறியன, பயனிற் பெரியன. சாளரத்தைச் சுற்றிச் சட்டம் வரைவது அதன் பணி. தலைப்பில் பெயர் எழுதி, மூடுதற்கும் சுருக்குதற்கும் பெரிதாக்குதற்கும் பொத்தான்கள் அமைப்பதும் அதன் பணியே. சுட்டியாற் பற்றி இழுத்தால் சாளரத்தை நகர்த்துகிறது. ஒன்றை ஒன்று மறைக்குமிடத்து, எது மேல், எது கீழ் என வரிசை வகுக்கிறது. விசைப்பலகையில் தட்டும் எழுத்து எந்தச் சாளரத்திற்குச் செல்லவேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இம்மேலாளர் நின்றுவிட்டால் சாளரங்கள் சட்டமும் தலைப்பும் இழந்து, நகர்த்தவும் இயலாமல் திரையில் கிடக்கும். மாலுமியற்ற மரக்கலத்தின் நிலை அது.

ஓர் இயங்குதளத்தை அமைத்து வழங்குவோர், பல மேலாளர்களுள் ஒன்றைத் தேர்ந்து, கணினியைத் திறந்தவுடன் தானே இயங்குமாறு வைத்துவிடுகின்றனர். இதனை இயல்பிருப்பு என்பர். பயன்படுத்துவோர் விரும்பினால் இதனை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுவோர் சிலரே. பெரும்பாலோர் கிடைத்ததைக் கிடைத்தபடியே கையாளுகின்றனர். மாற்றலாம் என்பதையே அறியாதாரும் உளர். எனவே இயல்பிருப்பைத் தேர்ந்தெடுப்பவர், தாம் ஒருபோதும் காணாத எண்ணற்ற மக்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறார். தமக்குப் பிடித்தது யாது என்று அவர் கேட்டலாகாது. வாய் திறந்து கேட்கத் தெரியாதவர்க்கு ஏற்றது யாது என்றே கேட்டல் வேண்டும்.

எளிய இயங்குதளம்

பழைய கணினியிலும் சிறிய கணினியிலும் தடையின்றி ஓடுமாறு, நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாளும் இயங்குதளங்கள் உண்டு. அவை எளிய இயங்குதளங்கள் எனப்படும். ஆஸ்திரேலியாவில் 2003-ஆம் ஆண்டில் தோன்றிய பப்பி லினக்ஸ் அவற்றுள் ஒன்று. முழுதும் நினைவகத்திலேயே தங்கி இயங்கக்கூடிய அத்தளம், ஜே.டபிள்யூ.எம். என்னும் சின்னஞ்சிறு மேலாளரைத் துணைக்கொண்டது. ஆன்டிஎக்ஸ் என்னும் மற்றொரு தளம் ஐஸ்டபிள்யூஎம் என்னும் மேலாளரைக் கைக்கொண்டது. புதிய தளங்கள் ஏற்க மறுக்கும் பழங்கணினிகள் பல, இவற்றால் மீண்டும் உயிர்பெற்றன. ‘விரலுக்குத் தக்க வீக்கம்’ என்னும் பழமொழி இத்துறைக்கு மிகவும் பொருந்தும்.

இத்தகைய தளம் ஒன்றிற்குச் சாளர மேலாளரைத் தேர்ந்தெடுத்த வரலாறு ஆராயத்தக்கது. அது ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் வரலாறு. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் இயல்பிருப்பு மூன்று முறை மாறிற்று. ஒவ்வொரு மாற்றத்திற்கும் தக்க காரணம் இருந்தது.

ராஸ்பெரி பை

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில விண்ணப்பிக்கும் மாணவர் தொகை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் குறைந்துகொண்டே வந்தது. வந்த மாணவரிடத்தும் முன்னைய மாணவரிடம் இருந்த பயிற்சி காணப்படவில்லை. முற்காலத்தில் வீடுகளில் இருந்த சிறு கணினிகளைத் திறந்தவுடனே நிரல் எழுதலாம். சிறுவர் அவற்றில் விளையாட்டாகவே கற்றனர். பின்னர் வந்த கணினிகள் விலை மிக்கவை. அவற்றைச் சிறுவர் பிரித்து ஆராயப் பெற்றோர் இசையவில்லை. இந்நிலையைக் கண்ட ஈபன் அப்டன் என்னும் ஆசிரியரும் அவருடைய நண்பர்களும், கெட்டாலும் பெரிய இழப்பு நேராத மலிவான கணினி ஒன்றைச் சிறுவர் கையில் கொடுத்தல் வேண்டும் எனக் கருதினர். அந்நோக்கத்தோடு ராஸ்பெரி பை அறக்கட்டளை நிறுவப்பெற்றது.

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் முதற்கணினி விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையில் வைக்கும் அட்டை ஒன்றின் அளவே அதன் அளவு. விலை 35 டாலர். அதன் செயலி 700 மெகாஹெர்ட்சு விரைவுடையது. நினைவகம் 256 மெகாபைட். அச்சிறு நினைவகத்திலிருந்தே திரைப்படங்களை வரையும் வரைகலைப் பகுதிக்கும் பங்கு அளித்தல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நினைவகம் 512 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்தே டாலர் விலையில் பை ஜீரோ என்னும் கணினி வந்தபோது, திங்களிதழ் ஒன்றின் அட்டையிலேயே அதனை ஒட்டி வாசகர்க்கு வழங்கினர்.

முதல் தேர்வு

இச்சிறு கணினிக்கு இயங்குதளமாக, டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் வழிவந்த ராஸ்பியன் அமைந்தது. டெபியன் அக்காலத்தில் புதுவகைச் செயலிகளுக்கென ஆக்கப்பட்டிருந்தமையின், ராஸ்பெரி பையின் பழையவகைச் செயலிக்கு ஏற்ப அதனைத் தன்னார்வலர் சிலர் முழுவதும் மீண்டும் தொகுத்தனர். 2020-ஆம் ஆண்டில் இத்தளம் ராஸ்பெரி பை ஓ.எஸ். எனப் பெயர் பெற்றது.

அதன் மேசைச் சூழலாக எல்.எக்ஸ்.டி.இ. என்பது தேர்ந்தெடுக்கப்பட்டது. தைவான் நாட்டில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அச்சூழல், சிக்கனத்தையே குறிக்கோளாகக் கொண்டது. அதனுள் சாளர மேலாளராக ஓப்பன்பாக்ஸ் பணியாற்றியது. ஓப்பன்பாக்ஸ் ஆரவாரமற்றது. நிழலிட்ட சாளரமோ, மிதந்து மறையும் காட்சியோ அதனிடம் இல்லை. சட்டம் வரையும், சாளரத்தை நகர்த்தும், சொன்னதைச் செய்யும், பிறகு ஒதுங்கி நிற்கும். அதன் முதன்மையான அமைப்புகள் எழுத்தாற் படிக்கத்தக்க ஒரு கோப்பில் இருந்தன. ஆதலின் ஆர்வமுள்ள மாணவர் அதனைத் திறந்து பார்த்து, மாற்றி, விளைவைக் கண்டு கற்கலாம். 256 மெகாபைட் கணினிக்கு இதனினும் பொருத்தமான துணை கிடைத்தல் அரிது.

திரை வரையும் இருவழிகள்

அடுத்த மாற்றத்தின் காரணத்தை அறிதற்குத் திரை எவ்வாறு வரையப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். ஒரு சாளரத்தின்மேல் மற்றொன்று வந்து மறைக்கிறது என்க. பழைய முறையில், மறைந்த பகுதியின் படத்தை எவரும் காத்து வைப்பதில்லை. மேலிருந்த சாளரம் விலகியவுடன், “வெளிப்பட்ட இடத்தை மீண்டும் வரைக” என்று கீழிருந்த மென்பொருளுக்குக் கட்டளை செல்லும். அது வரையும். இதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டுவதில்லை. ஆனால் மீண்டும் வரைந்து முடியுமுன் கண் அதனைக் கண்டுவிடும். சாளரத்தை விரைந்து இழுக்குமிடத்துப் படம் கிழிந்தது போலத் தோன்றுவதும் உண்டு.

புதிய முறையில் ஒவ்வொரு சாளரமும் முதலில் திரைக்குப் பின்னே, தனக்குரிய தனித்தாளில் முழுமையாக வரையப்படுகிறது. பின்னர் அத்தாள்கள் யாவற்றையும் அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புவர். இதனைச் சேர்த்தடுக்கும் முறை எனலாம். இம்முறையில் படம் கிழிவதில்லை. நிழல், மென்மையான அசைவு ஆகியவற்றையும் எளிதிற் காட்டலாம். ஆயினும் இவ்வழகிற்கு விலை உண்டு.

அவ்விலையைக் கணக்கிட்டுக் காணலாம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் உடைய திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 4 பைட் வேண்டும். எனவே திரை முழுதும் பரந்த சாளரம் ஒன்றின் தாளுக்கு 82,94,400 பைட், அதாவது ஏறக்குறைய 8 மெகாபைட் நினைவகம் வேண்டும். அத்தகைய சாளரங்கள் பத்துத் திறந்திருப்பின் 80 மெகாபைட்டுக்கு மேல் செலவாகும். 4 ஜிகாபைட் நினைவகம் உடைய கணினிக்கு இது கடலிற் கரைத்த பெருங்காயம் போன்றது. 256 மெகாபைட் கணினிக்கோ இது தன் உடைமையில் மூன்றிலொரு பங்கு. செல்வர்க்குச் சிறிதாகத் தோன்றும் செலவு, எளியவர்க்கு ஒரு திங்களின் உணவாக இருப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

இரண்டாம் தேர்வு

2019-ஆம் ஆண்டில் வந்த நான்காம் ராஸ்பெரி பை, 4 ஜிகாபைட் வரையிலும் நினைவகம் பெற்றிருந்தது. மறு ஆண்டில் 8 ஜிகாபைட்டும் கிடைத்தது. முதற்கணினியோடு நோக்க இது முப்பத்திரண்டு மடங்கு. இத்துணை வளம் பெற்ற கணினியும் பழைய எளிமையிலேயே நிற்றல் வேண்டுமோ என்னும் எண்ணம் எழுந்தது. உலகில் பிற லினக்ஸ் தளங்கள் பல புதுமுறையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. மேலும் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பிற்குப் பின்னர் ஓப்பன்பாக்ஸிற்கு நெடுங்காலம் புதிய பதிப்பு வெளிவரவில்லை.

ஆகவே 2021-ஆம் ஆண்டு நவம்பரில் மட்டர் என்னும் சேர்த்தடுக்கும் மேலாளர் இயல்பிருப்பாக அமர்த்தப்பட்டது. க்னோம் என்னும் பெரிய மேசைச் சூழலுக்கென ஆக்கப்பட்டது அது. ஆனால் அமைத்தோர் ஓர் எல்லை வகுத்தனர். 2 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட நினைவகம் உடைய கணினியில் மட்டுமே மட்டர் இயங்கும். அதனிற் குறைந்த நினைவகம் உடையவற்றில் ஓப்பன்பாக்ஸே தொடரும். கணினி திறக்கும்போதே தன் நினைவகத்தைக் கண்டு, ஏற்ற மேலாளர் இயங்குமாறு செய்தனர்.

பழைய கணினி வைத்திருப்போரைக் கைவிடாத இம்முடிவு பாராட்டத்தக்கதே. எனினும் அதனால் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரியலாயிற்று. ஒவ்வொரு புதிய வசதியையும் இரண்டு மேலாளர்களிலும் சோதித்தல் வேண்டும். ஒரு வகுப்பில் ஒரே பாடத்தைப் பயிலும் இரு மாணவருள், ஒருவர் திரையில் சாளரத்திற்கு நிழல் விழும். மற்றவர் திரையில் விழாது. ஒரு கணினியில் தோன்றும் பிழை மற்றதில் தோன்றாது. இயல்பிருப்பு ஒன்றாக இருப்பதன் பயனே, கற்பவரும் கற்பிப்பவரும் ஒரே காட்சியைக் காண்பதுதான். அப்பயன் இங்கே குறைந்தது.

மூன்றாம் தேர்வு

இதற்கிடையே எக்ஸ் முறைமையும் மூப்படைந்தது. அதில் ஒரு குறையும் இருந்தது. அம்முறையில் இயங்கும் மென்பொருள் ஒன்று, அருகில் இயங்கும் வேறொரு மென்பொருளில் தட்டப்படும் எழுத்துகளை அறிய இயலும். கடவுச்சொற்கள் பெருகிய காலத்தில் இது இடர் விளைப்பது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலண்ட் என்னும் புதுமுறை இக்குறையை நீக்கியது. அம்முறையில் ஒரு மென்பொருளின் எழுத்தை மற்றொன்று ஒட்டுக்கேட்க இயலாது.

வேலண்ட் முறையில் வேறொரு வேறுபாடும் உண்டு. எக்ஸ் முறையில் திரையைக் காப்பவரும் சாளரத்தை ஒழுங்கு செய்பவரும் தனித்தனியர். வேலண்ட் முறையில் இருவர் பணியையும் ஒரே மென்பொருள் செய்கிறது. ஆகவே சாளர மேலாளரை மாற்றுவது, வீட்டின் கதவை மாற்றுவது போன்றதன்று. அடித்தளத்தையே மாற்றுவது போன்றது. தேர்வின் பொறுப்பு இதனால் மேலும் கனத்தது.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த பதிப்பில், வேலண்ட் முறையில் இயங்கும் வேஃபயர் என்னும் மேலாளர் இயல்பிருப்பாயிற்று. அதுவும் நான்காம், ஐந்தாம் வகைக் கணினிகளுக்கே அளிக்கப்பட்டது. முன்னைய வகைகள் எக்ஸ் முறையிலேயே நின்றன. முன்பு பிரிவு நினைவகத்தின் அளவால் வந்தது. இம்முறை கணினியின் வகையால் வந்தது. வேறுபாடு அவ்வளவே. இரண்டடுப்பு அணையவில்லை.

பழைய கணினிகளிலும் வேஃபயரை இயக்குதற்கு அமைத்தோர் முயன்றனர். ஆனால் அம்மேலாளரின் வளர்ச்சி செல்லும் திசை, ராஸ்பெரி பையின் வரைகலைப் பகுதிக்கு ஒத்துவராது என்பது விரைவில் தெளிவாயிற்று. இதில் எவர்மீதும் குற்றம் இல்லை. வேஃபயரை ஆக்குவோர்க்கு அவர்தம் நோக்கம் உண்டு. அழகிய அசைவுகளும் காட்சிகளும் அவர் விரும்பியவை. ஓடும் ஆற்றைத் தம் வயலுக்காகத் திருப்ப ஒருவர்க்கு உரிமை இல்லை. ஏற்ற வாய்க்காலைத் தேடிக்கொள்வதே முறை.

நான்காம் தேர்வு

தேடியபோது கிடைத்தது லேப்டபிள்யூசி என்னும் மேலாளர். இதுவும் வேலண்ட் முறையிலேயே இயங்குவது. வேஃபயர், லேப்டபிள்யூசி ஆகிய இரண்டும் டபிள்யூஎல்ரூட்ஸ் என்னும் பொதுவான நிரல் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறுதல் பேரிடராக இல்லை. லேப்டபிள்யூசியை ஆக்கியோர் முதலிலேயே தம் எல்லையை வகுத்துக்கொண்டனர். சாளரங்களை நன்றாக அடுக்குவதே தம் பணி. பகட்டு வேண்டா என்பது அவர்தம் கொள்கை. அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது எது தெரியுமா? பழைய ஓப்பன்பாக்ஸையே! அதன் அமைப்புக் கோப்பின் வடிவையும், சட்டங்களின் ஒப்பனை முறையையும் பின்பற்றியே இதனை ஆக்கினர்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வெளிவந்த பதிப்பில், ராஸ்பெரி பை வகைகள் அனைத்திற்கும் லேப்டபிள்யூசி இயல்பிருப்பாக அறிவிக்கப்பட்டது. ஐந்து டாலருக்கு வாங்கிய சிறு கணினிக்கும், 8 ஜிகாபைட் நினைவகம் உடைய பெருங்கணினிக்கும் ஒரே மேலாளர் வாய்த்தது. இரண்டடுப்பு ஒன்றாயிற்று.

இம்மாற்றத்தைச் செய்த முறையும் கருதத்தக்கது. முன்பே பதிப்பு நிறுவியிருந்தவர் கணினியைப் புதுப்பித்துத் திறந்தபோது, புதிய மேலாளருக்கு மாற விருப்பமா என்று கணினி வினவியது. மாறிய பின்னும் திரையின் தோற்றம் முன்போலவே இருக்குமாறு அமைத்தோர் உழைத்தனர். எக்ஸ் முறைமையே வேண்டும் என்பார்க்கு, அமைப்புப் பட்டியல் வழியே அதற்குத் திரும்பவும் வழி வைத்தனர். எக்ஸ் முறைக்கென எழுதப்பட்ட பழைய மென்பொருள்களும் இடைநின்று உதவும் ஒரு நிரலின் துணையால் தொடர்ந்து இயங்கின.

தேர்வோர் கருதவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, சிக்கனம். நினைவகம் இயங்குதளத்திற்காக உள்ளதன்று. பயன்படுத்துவோரின் வேலைக்காக உள்ளது. மேலாளர் உண்டது போக எஞ்சுவதே மாணவரின் பங்கு. மேலாளரே பெரும்பகுதியை உண்டுவிட்டால், மாணவர் எழுதும் நிரலுக்கு இடம் எங்கே?

இரண்டாவது, பொருத்தம். ஒரு மென்பொருள் தன்னளவில் சிறந்ததாயினும், இருக்கும் கருவியோடு இணங்காவிடின் அவ்விடத்திற்குச் சிறந்ததாகாது. வேஃபயரின் வரலாறு இதற்குச் சான்று.

மூன்றாவது, பேணுவார் உண்மை. ஒரு மென்பொருளை ஆக்கியோர் அதனைத் தொடர்ந்து திருத்தி வருகின்றனரா, அவர்தம் நோக்கமும் தம் நோக்கமும் ஒரே திசையிற் செல்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும். நீர் ஊற்றுவார் இல்லாத மரத்தின் நிழலை நம்பி வீடு கட்டுதல் கூடாது.

நான்காவது, பழக்கம். சாளரத்தை மூடும் பொத்தான் நேற்று வலப்பக்கம் இருந்து இன்று இடப்பக்கம் சென்றால், புதிதாகக் கற்பவர் மருளுவர். காரணமின்றித் தோற்றத்தை மாற்றுதல், பயன்படுத்துவோரின் உழைப்பை வீணாக்குதலாகும்.

ஐந்தாவது, விடுதலை. இயல்பிருப்பு என்பது பரிந்துரையே தவிரச் சிறை அன்று. மாற விரும்புவோர்க்கு வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

இவ்வைந்தும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மாறுபடும். பாதுகாப்பிற்காகப் புதுமுறை வேண்டும். பழங்கணினிக்காகச் சிக்கனம் வேண்டும். 2021-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் இவற்றை ஒருசேரப் பெற இயலாமையால், கணினிகளை இருகூறாகப் பிரிக்க நேர்ந்தது. அப்போதும் பழையவற்றை வீசி எறியாமல், அவற்றிற்கு ஏற்றதை விட்டு வைத்தனர். பொருத்தமான மேலாளர் கிடைத்தபோது பிரிவை நீக்கினர். தேர்வு என்பது ஒருநாளில் முடியும் செயல் அன்று என்பதும், தவறிய இடத்தில் திருத்திக்கொள்ளத் தயங்கலாகாது என்பதும் இதனால் விளங்கும்.

2012-இல் வாங்கிய சிறு கணினி ஒன்று ஏதேனும் ஒரு பள்ளியின் மேசையில் இன்னும் இருக்கலாம். அதன்முன் அமரும் சிறுமிக்கு ஓப்பன்பாக்ஸ் என்றால் என்ன, வேலண்ட் என்றால் என்ன என்பது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அவள் பொத்தானை அழுத்தினால் சாளரம் திறத்தல் வேண்டும். அவள் எழுதிய முதல் நிரல் ஓடுதற்கு நினைவகத்தில் இடம் இருத்தல் வேண்டும். அவ்விரண்டும் நிகழுமாயின் தேர்ந்தெடுத்தவரின் பணி நிறைவேறியதாகும். அவர் பெயரை அவள் அறியாதிருப்பதே அப்பணி செம்மையாக நடந்தது என்பதற்கு அடையாளம்.